ஒரு வார்த்தைக்காக ருவைஸ் வரை

ஷார்ஜா விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் கண்டது கருவாட்டுப் பொட்டலத்தை. முகம் சுளிக்கவில்லை, நல்ல மனிதர். கையுறையோடு தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊரில் கடல் இல்லையென்று யாராவது சொன்னார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் நின்றவர் அரபியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். கருவாடு தப்பியது. நான்தான் வியர்த்துப்போய் வெளியே வந்தேன். எதற்காக வந்தாய் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று எனக்கே தெளிவில்லாமல் இருந்தது.

வெளியே அத்தான் வந்திருந்தார். வந்திருந்தார் என்றால், டாக்சியின் பின் இருக்கையில் இருந்தார். நான் பெட்டியைத் தூக்கி வைத்து, கதவைத் திறந்து, பக்கத்தில் உட்காரும் வரை இறங்கவில்லை. "கட்சி என்ன சொல்லுது?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கா எப்படி இருக்கிறாள் என்பது ஒரு மேம்பாலத்தைத் தாண்டிய பிறகு வந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். கொழும்பில் சனம் தெருவுக்கு வந்து ஆட்சியைக் கவிழ்த்த வருடம் வரை, மட்டக்களப்பில் அவர் ஒரு பிரதி அமைச்சர். மற்றவர்கள் நல்ல நேரம் பார்த்துக் கட்சி மாறிக்கொண்டிருந்தபோது, தலைவரின் படத்தைக் கடைசி நாள் வரை வாசலில் மாட்டியிருந்தவர். தீ வைக்க வந்தவர்களுக்கு வீட்டை அடையாளம் காட்டியதே அந்தப் படம்தான். அன்று பின்மதிலால் ஏறிக் குதித்தவர், சில வாரங்களில் இங்கே வந்து சேர்ந்தார். இப்போது ஊரில் தேர்தல் வருகிறது. கட்சிக்கு மறுபடியும் அவருடைய முகம் வேண்டுமாம்.

நான் நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன். ஊர்ச் சனத்தின் மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுப்பேன். அரசியல்வாதிகளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அப்படிப்பட்ட என்னிடம் கட்சிக்காரர்கள் டிக்கெட்டோடு வந்து, "மச்சினன் போய்க் கூப்பிட்டாத்தான் அவர் வருவார்" என்றார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன், அக்காவிடம் ஒரு சொல் கேட்டுவிடலாம் என்று போனேன்.

எரிந்த வீட்டை விட்டு அக்கா வாடகை வீடொன்றில் இருக்கிறாள். வாசல் கேட்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். "கூட்டிட்டு வா. வேணாமெண்டு நான் சொல்லல்ல. ஆனா முதல்ல குணத்திட்டப் போய், பிழ செஞ்சிட்டன் எண்டு ஒரு வார்த்த சொல்லிட்டு வரட்டும். அதச் சொல்லாம வந்து இந்தப் படியில ஏறினா, நான் கதவு திறக்கமாட்டன்."

குணம் அத்தானின் சாரதி. தெருமுனையில் கூட்டம் தெரிந்த அன்று மாலை, "முன்னால லைட்டப் போட்டு வாகனத்த எடு" என்று அத்தான் அவனுக்குச் சொன்னதைக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அக்கா தன் காதால் கேட்டாள். உள்ளே அமைச்சர் இருக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் வாகனத்தைத் துரத்திக்கொண்டு போனது. அந்த இடைவெளியில்தான் அத்தான் மதிலேறினார். அடித்த அடியில் குணத்தின் இடது கால் விளங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியால் வந்தவனுக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. இப்போது அபுதாபிப் பக்கம் ருவைஸில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அண்டிய ஒரு தொழிலாளர் கேம்பில் சாப்பாட்டு வேன் ஓட்டுகிறான். கியர் இல்லாத வண்டி, இடது காலுக்கு வேலை இல்லை.

டாக்சி ஷார்ஜாவின் ரோல்லாவில், அத்தானின் அறை இருக்கும் கட்டடத்தின் முன்னால் நின்றது. அத்தான் அசையவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த வண்டிகள் ஹோர்ன் அடித்தன. டாக்சிக்காரர் பெஷாவர்க்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்கள் பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று உருதுவில் கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தேன். அத்தான் இறங்கினார். மூன்றாம் மாடி அறைக்கும் கீழே கடைக்கும் நாள் முழுக்க ஏறி இறங்குகிற மனிதர், காரென்றால் மட்டும் இன்னும் பிரதி அமைச்சர்தான்.

கீழேயுள்ள கடை காத்தான்குடி ரபீக் நானாவின் கார்கோ கடை. வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்போம். ஊருக்குப் போகும் பெட்டிகளில் விலாசம் எழுதுவதுதான் அங்கே அத்தானின் வேலை. ஒரு காலத்தில் அடிக்கல்லில் பெயர் பொறித்தவர், இங்கே மார்க்கர் பேனாவால் மற்றவர்களின் பெயரை முத்து முத்தாக எழுதுகிறார். பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் இரவுச் சாப்பாடு வரைக்கும்தான் நீடித்தது.

மலையாளக் கடையொன்றில் இடியப்பம் சாப்பிட்டோம். இடியப்பத்துக்கு முட்டைக்கறி. சொதி என்று கேட்டால் அந்தப் பரிமாறுகிற மனிதருக்கு விளங்கவில்லை, தேங்காய்ப்பாலில் சீனி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அத்தான் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "கருவாடு கொண்டந்த நீதானே, நாளைக்குப் பொரிப்பம்" என்றார்.

"அது உங்களுக்கில்ல அத்தான். அக்கா குணத்துக்குக் குடுத்துவிட்டது."

கை நின்றது. வந்த விஷயத்தை அப்போதே சொல்லிவிட்டேன். அக்கா சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவருடைய காது மடல் சிவந்ததைப் பார்த்து, தட்டு பறக்கப்போகிறது என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"உன்ட அக்கா எனக்கே சட்டம் போடுறாவா?"

"அவ சொன்னத நான் சொல்றன்."

இடியப்பத்தை விரலால் பிய்த்துக் குவித்தார். பிறகு சிரித்தார். "அவ்வளவுதானே? ஞாயிறு லீவு நாள். ருவைஸுக்குப் போவம். சொன்னாப் போச்சு, எனக்கென்ன வெக்கமா?"

இவ்வளவு சுளுவாக முடிந்ததே என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பால் சுண்டக் காய்ச்சிய கரக் தேநீர் இரண்டு குடித்தேன். நம்மூர்ப் பிளேன்டீக்குப் பழகிய வயிறு இரவு முழுக்க அதற்குப் பழிவாங்கியது.

ஞாயிறு காலை ரபீக் நானாவின் கார்கோ வேனில் புறப்பட்டோம். அபுதாபியைத் தாண்டியதும் ஒரு பக்கம் மணல், மறுபக்கமும் மணல். நம்மூரில் கல்லடிப் பாலத்தில் போனால் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும், கண்ணுக்கு ஒரு வேலை இருக்கும். இங்கே லொறிகளைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. தாரிஃப் என்ற ஊருக்கு அப்பால் வேனின் ஏசி நின்றது. கொஞ்ச தூரத்தில் எஞ்சினும் கொதித்தது. ரபீக் நானா, "மாஃபி முஷ்கில், ஒண்டும் நடக்கா" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் விட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தால் எல்லாமே நடக்கும் போல இருந்தது.

எஞ்சின் ஆறும்வரை நிழலில் நின்றோம். அத்தான் மட்டும் சுவரோரமாக மேலும் கீழும் நடந்தார். உதடு அசைந்தது, கை அடிக்கடி நெஞ்சுக்குப் போனது. பாவம், அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வதென்று பழகிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு, "எல்லாம் நல்லபடி" என்று செய்தி அனுப்பினேன்.

கேம்ப் வாசலில் குணம் நின்றான். நான்கு வருடத்தில் பத்து வருடம் கூடியிருந்தான். என் கடவுச்சீட்டையும் மற்ற இருவரின் அடையாள அட்டைகளையும் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். குணம் காலை இழுத்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்து, அத்தான் பக்கக் கதவைத் திறந்தான். அத்தான் இறங்கினார். இருவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"சேர், ஒரு விசயம்," என்று குணம் குரலைத் தாழ்த்தினான். "சாப்பாடு மட்டும். கூட்டம் கீட்டம் வேணாம் சேர். இங்க பெர்மிசன் இல்லாமக் கூட்டம் வெச்சா பொலிஸ் வரைக்கும் போகும். கேட்டில என்ட பேருதான் இரிக்கி."

"சீச்சீ, கூட்டமா? உன்னப் பாக்கத்தானே வந்த நான்," என்று அத்தான் அவன் தோளில் கை போட்டார்.

சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நம்மூர் ஆட்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். குணத்துக்குத் தெரியாமல் அத்தான் முந்திய நாளே போன் போட்டு ஆள் சேர்த்திருக்கிறார். கணவாய்க் கறியும் மரவள்ளியும் மணத்தன. என் கருவாட்டை வாங்கி ஒருவர் பொரிக்கக் கொண்டு போனார். மேசன் வேலை செய்யும் செல்வம் என்பவர் பொன்னாடை என்று ஒன்றை அத்தானுக்குப் போர்த்தினார். கடையில் வாங்கிய மேசை விரிப்பு அது, ஓரத்தில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. துணி எதுவாயிருந்தால் என்ன, தோளில் விழுந்ததும் அத்தானின் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு கதிரையில் ஏறி நின்றார்.

"அன்பான உறவுகளே!"

பெற்றோல் நிலையத்தில் பழகியது இதைத்தான். செல்வம் போனைத் தூக்கிப் பிடித்து ஃபேஸ்புக்கில் லைவ் போடத் தொடங்கினார். ஊரில் மேடையென்றால் லைவ் போடுவது பழக்கம், இது எந்த நாடென்று அவருக்கு அந்த நேரம் நினைவில்லை. வாசலோரம் நின்ற குணம் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தான். அத்தானின் கண் கெமராவை விட்டு அசையவில்லை.

"துரோகிகள் என் வீட்டை எரித்த அன்று, இதோ நிற்கிறானே இந்தத் தம்பி, நான் தடுத்தும் கேளாமல், தன் விருப்பத்தோடு வாகனத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனவன்! இப்படிப்பட்ட விசுவாசிகள் இருக்கும்வரை என்னை யாராலும் அழிக்க முடியாது!"

கை தட்டினார்கள். குணம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து நின்று பொய் என்று கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்குள் கேம்ப் பொறுப்பாளர் உள்ளே வந்துவிட்டார்.

ஹைதராபாத்காரர், உயரமானவர். மண்டபம் ஒரே நொடியில் அடங்கியது. லைவைப் பார்த்துவிட்டு யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "யாருடைய விருந்தாளிகள் இவர்கள்?" என்று இந்தியில் கேட்டார். குணம் ஒரு அடி முன்னால் வைத்து, "என்னுடையவர்கள்" என்றான்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அத்தான். "தம்பி, கெதியா வா. பின்னால குசினிப் பக்கம் வழி இரிக்கி." மேசை விரிப்பைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தார்.

நான் கையை உதறினேன். "இப்ப சொல்லுங்க அத்தான். இவனுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் பேசின நான் எண்டு அந்தாளுக்குச் சொல்லுங்க. குணத்திட வேல போகப் போகுது."

"எலக்சன் நேரம் தம்பி. பேப்பர்ல வந்தா முடிஞ்சுது." குசினிக் கதவுக்குள் அவர் மறைந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ரபீக் நானாவின் வேன் புறப்படும் சத்தம் கேட்டது; கேட்டில் தங்கள் அட்டைகளை வாங்கிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

எனக்கு இந்தி என்றால் சினிமா இந்திதான். இருந்ததையெல்லாம் கூட்டிச் சேர்த்து, கூட்டம் சேர்த்தது நான், பேசியவர் என் உறவுக்காரர், இந்த சாரதிக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். வெளிநாட்டுச் சிறையில் என்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்றெல்லாம் புத்தி ஓடியது.

"பேசியவர் எங்கே?"

"போய்விட்டார்."

"உங்களை விட்டுவிட்டா?" அந்த மனிதரின் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "அவர் நாளைக்கு வந்து, நான்தான் பேசினேன் என்று ஒரு கையெழுத்துப் போடட்டும். கலாஸ், முடிந்தது. இல்லையென்றால் இவன் பெயர் கம்பனியின் பெரிய ஒஃபிசுக்குப் போகும். உங்கள் கடவுச்சீட்டு அதுவரை இங்கே இருக்கட்டும்."

அன்று மாலை அத்தானுக்கு எத்தனையோ தரம் எடுத்தேன். கடைசியில் எடுத்தார். "நாளைக்கு ஃபிளைட் தம்பி. கட்சி எல்லா ஏற்பாடும் செஞ்சிட்டுது, ஏர்போட்டுக்கு ஆக்கள் வருவாங்க. நீ மனு எழுதுறவன்தானே? ஏதாவது எழுதிக் குடுத்துச் சமாளி." குணத்துக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை.

ருவைஸ் டவுனில் ஒரு நாகர்கோவில் டெக்னீஷியனின் அறையில் தரையில் படுத்துக்கொண்டேன். குணத்துக்குத் தெரிந்தவர். "சாப்பிட்டாச்சா, இல்ல சும்மா கெடக்கியளா?" என்று கேட்டு ரசமும் மீனும் வைத்துத் தந்தார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டேன். ஊரில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் குணத்தின் வேலையை நம்பி இருக்கிறார்கள். அத்தனை பேரின் சோற்றிலும் நான் கொண்டுவந்த ஆள் மண் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கள் பகல் முழுவதும் கேம்ப் ஒஃபிஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்கு மன்னிப்புக் கடிதம் தட்டியவன், முதன்முதலாக என் பெயரில் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செவ்வாய் காலையில்தான் கூப்பிட்டார்கள். குணத்துக்கு எச்சரிக்கை மட்டும், இனி விருந்தாளி யாரும் வரக்கூடாது. கடவுச்சீட்டைக் கையில் தந்தபோது அந்த ஹைதராபாத்காரர், "உறவுக்காரரைத் தேர்ந்தெடுக்க முடியாது, என்ன செய்வது" என்றார். எனக்கு அவருடைய காலில் விழலாம் போல இருந்தது.

மத்தியானம் குணத்துக்கு வேலை இடைவெளி. கேம்புக்கு வெளியே தேநீர்க் கடையில் அவனும் செல்வமும் நானும் உட்கார்ந்திருந்தோம். செல்வம் திடீரென்று, "சேர் வந்திட்டாரு, லைவ் போகுது!" என்று போனை நடுவில் வைத்தார். லைவ் விஷயத்தில் இவருக்கு இன்னும் புத்தி வரவில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் பார்த்தேன்.

திறந்த வாகனங்கள், பட்டாசு, மாலை. கூட்டம் அக்காவின் வாடகை வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. வாகனம் நின்றது. அத்தான் உள்ளே இருந்தார். ஒருவர் ஓடிவந்து கதவைத் திறந்ததும் இறங்கிக் கும்பிட்டார். படியேறினார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். மறுபடி தட்டினார்.

"ஏன் மெடம் திறக்கிறா இல்ல?" குணம் போனுக்குக் கிட்டக் குனிந்தான். "சேருக்குச் சீனி வருத்தம். வெயில்ல நிக்க ஏலா."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அக்கா சொன்னதைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஞாயிறு வந்தோம் என்பதையும் சொன்னேன். குணம் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். "எனக்காகவா?" என்றான். கொஞ்சம் கழித்து, "கோல் எடுங்க. நான் கதைக்கிறன்."

முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே கதவில் தட்டுவதும் கேட்டது.

"மெடம், நான் குணம். திறவுங்க மெடம். சனத்துக்கு முன்னால அவர நிப்பாட்டாதீங்க."

"கருவாடு கிடைச்சா குணம்?"

"கிடைச்ச மெடம்."

"கால் நோவு?"

"இங்க குளிர் இல்லாதபடியாப் பரவாயில்ல மெடம்."

அக்கா கதவுப் பக்கம் நடந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு, "லைன்ல இரு. அவருக்கிட்டக் குடுக்கிறன், நீயே கதை" என்றாள். தாழ்ப்பாள் விலகுவதும் பட்டாசுச் சத்தம் உள்ளே பாய்வதும் கேட்டது. செல்வத்தின் போனில் கதவு இன்னும் சாத்தியபடியே இருந்தது. லைவ் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

"சேர்... நான் குணம்."

மூச்சு மட்டும் கேட்டது. சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த நிமிடத்தில் அவருக்காக நான் கடவுளைக்கூடக் கும்பிட்டேன்.

"குணம், சனம் நிக்குது. பிறகு எடு."

மூவரும் செல்வத்தின் போனைப் பார்த்தோம். இப்போதுதான் லைவில் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்து போனை நீட்டினாள். அத்தான் வாங்கிக் காதில் வைத்தார். கண் ஒருமுறை கீழே போனது, பிறகு கெமராவுக்கு வந்தது. உதடு அசைந்தது. சிரித்தார். அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. திரையில் இதயங்களும் கைகளும் பறந்துகொண்டிருந்தன. அத்தான் கூட்டத்தை நோக்கித் திரும்பி இரண்டு கையையும் உயர்த்தினார்.

"குணம், இரிக்கியா?" என்றது அக்காவின் குரல்.

"இரிக்கன் மெடம். பட்டாசுச் சத்தத்துல சேருக்கு ஆரெண்டு விளங்கியிரிக்காது."

"பேரச் சொல்லித்தானே கதைச்சார்," என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

செல்வம் தன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். குணம் தேநீரைக் குடித்து முடித்தான். ஆறிப்போயிருக்கும், முழுதும் குடித்தான். பிறகு, "வாங்க, பஸ்ஸடிக்குக் கொண்டுபோய் விடுறன். டியூட்டிக்கு நேரமாகுது" என்று எழுந்தான்.

சாப்பாட்டு வேன் வெயிலில் நின்றது. அவன் காலை இழுத்துக்கொண்டு என் பக்கமாகச் சுற்றி வரத் தொடங்கினான். ஏன் வருகிறான் என்று விளங்கியதும் நான் முந்திக்கொண்டு ஓடி, கதவை நானே திறந்து ஏறிக்கொண்டேன்.

குணம் வெறுங்கையோடு ஒரு கணம் நின்றான். "உங்கட அத்தான் இப்பிடி ஒரு நாளும் ஏறினதில்ல," என்றான். அவரைப் பற்றி அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே குறை அதுதான்.